இசையின் புரவலர்: தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வானொலியின் வரலாறு

இசைக்கலை எந்நாட்டிலாயினும் புரவலரின்றி வளர்ந்ததில்லை. பாடுவோரும் கருவி இசைப்போரும் தம் கலையில் முழு மனத்தையும் செலுத்த வேண்டுமாயின், அவர்தம் உணவையும் உறையுளையும் பற்றிக் கவலை கொள்ளப் பிறர் ஒருவர் வேண்டும். மேனாட்டுச் சாஸ்திரீய இசையின் வரலாறும் இதற்குப் புறம்பானதன்று. யொகான் செபஸ்தியன் பாக் 1723ஆம் ஆண்டு முதல் 1750இல் இறக்கும் வரை லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைப்பணியில் அமர்ந்திருந்தார். ஹைடன் 1761ஆம் ஆண்டு தொடக்கம் எஸ்ரர்ஹாசி என்னும் பிரபு குடும்பத்தின் ஊழியராயிருந்து தம் இசையாக்கங்களுட் பெரும்பாலானவற்றை இயற்றினார். மோசார்ட் 1781இல் சால்ஸ்பேர்க் அதிமேற்றிராணியாரின் சேவையை உதறிவிட்டு வியன்னா நகரில் தனித்து வாழ முற்பட்டார். புரவலரற்ற வாழ்க்கை எத்துணை இடர் நிறைந்தது என்பதை அவருடைய இறுதிக் காலக் கடன்கள் காட்டுகின்றன.

தேவாலயமும் அரண்மனையும் தாங்கிய இக்கலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுழைவுச்சீட்டு வாங்கி மண்டபத்திற்கு வரும் நகரமக்களின் ஆதரவிற்கு மாறியது. இருபதாம் நூற்றாண்டிலோ வானொலி தோன்றியது. மண்டபத்தில் ஈராயிரவர் கேட்ட இசையை வீட்டிலிருந்தபடியே பத்து இலட்சம் பேர் கேட்கலாயிற்று. ஆயின் கேட்போர் எவரும் நுழைவுச்சீட்டு வாங்கவில்லை. இனி இவ்விசையைப் புரப்பவர் யார் என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. இவ்வினாவிற்கு ஐக்கிய அமெரிக்காவில் கிடைத்த விடைகளுள் ஒன்று பல்கலைக்கழகம் என்பதாகும். அவ்விடை எவ்வாறு உருவாயிற்று, எவ்வளவுக்கு உறுதியானது என்பவற்றை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கே.யூ.எஸ்.சி. என்னும் வானொலி நிலையத்தின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்கலைக்கழக வானொலியின் தோற்றம்

அமெரிக்காவில் வானொலியை முதன்முதற் பேணி வளர்த்தோருள் பல்கலைக்கழகப் பௌதிக ஆசிரியர்கள் முதன்மையானவர்கள். விஸ்கொன்சின் மாநிலத்து மடிசன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் ஏர்ள் டெரியும் அவருடைய மாணவரும் முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே ஒலிபரப்புச் சோதனைகளை நடத்தினர். வேண்டிய வெற்றிடக் குழாய்களை விலைக்கு வாங்க இயலாதிருந்தமையால் அவற்றைத் தம் ஆய்வுகூடத்திலேயே செய்துகொண்டனர். 9எக்ஸ்.எம். என்ற குறியோடு தொடங்கிய அந்நிலையம் 1922ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் டபிள்யூ.எச்.ஏ. என்னும் பெயரைப் பெற்றது. உழவர்க்கு வானிலை அறிக்கையும் சந்தை விலையும் கூறுதல் அதன் தொடக்ககாலப் பணியாக அமைந்தது.

சேற்றிலும் பனியிலும் நகரத்தை எட்டமுடியாத நாட்டுப்புறப் பள்ளிகளுக்கு அந்நிலையம் இசையையும் கொண்டு சென்றது. பேராசிரியர் எட்கர் கோர்டன் என்பவர் 1931ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி ஒலிபரப்பிற் சிறாருக்கு வானொலி வாயிலாகப் பாடக் கற்பித்தார். ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் நடத்திய சிற்றூர்ப் பள்ளிகளின் பிள்ளைகள் தாம் ஒருநாளும் கண்டிராத ஆசிரியரின் குரலைப் பின்பற்றிப் பாடினர். இசை ஒலிபரப்புப் பொழுதுபோக்கு மட்டுமன்று, கல்விப்பணியுமாகும் என்ற கொள்கை இவ்வாறு அமெரிக்காவில் வேரூன்றியது.

ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள்

ஆயினும் இக்கொள்கை எளிதில் வெற்றி பெறவில்லை. 1921 முதல் 1936 வரையுள்ள காலப்பகுதியில் அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள் ஏறத்தாழ 200 வானொலி அனுமதிப்பத்திரங்களைப் பெற்றன. அக்காலப்பகுதி முடிந்தபோது அவற்றுள் எஞ்சியவை 40க்கும் குறைவே. இதற்குக் காரணங்கள் பல. 1927இல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வானொலி ஆணைக்குழு அடுத்த ஆண்டில் அலைவரிசைகளை மறுபங்கீடு செய்தபோது நல்லிடங்களைப் பெரும்பாலும் வர்த்தக நிலையங்களுக்கே வழங்கிற்று. கல்லூரி நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பிறரோடு நேரம் வகுத்துப் பகிர்ந்துகொள்ளவும், பகலில் மட்டும் ஒலிபரப்பவும் நிர்ப்பந்திக்கப்பட்டன. உழைத்து முடித்த மக்கள் வீட்டில் அமர்ந்து கேட்கும் மாலை நேரம் அவற்றிற்குக் கிட்டவில்லை. பொருளாதார மந்தம் கல்லூரிகளின் பணப்பெட்டியையும் வெறுமையாக்கியது. இந்நிலையில் வர்த்தகர் விலை பேசியபோது பல கல்லூரிகள் தம் அனுமதிப்பத்திரத்தைக் கைவிட்டன.

இவ்வீழ்ச்சியைக் கண்டு கவன்றோர் 1934ஆம் ஆண்டில் ஒரு முயற்சி செய்தனர். அலைவரிசைகளுள் நான்கில் ஒரு பங்கை இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு ஒதுக்குதல் வேண்டும் என்னும் திருத்தத்தை வாக்னர், ஹற்பீல்ட் என்னும் செனற்றர் இருவர் கொணர்ந்தனர். அத்திருத்தம் 42க்கு 23 என்ற வாக்குக் கணக்கில் தோற்கடிக்கப்பட்டது. கல்விக்கும் கலைக்கும் வேண்டிய நேரத்தை வர்த்தக நிலையங்களே மனமுவந்து அளிக்கும் என்பது எதிர்த்தோரின் வாதமாயிருந்தது. அவ்வாதம் அக்காலத்திற் பொருந்தாததாகவும் தோன்றவில்லை. பெரும் வானொலி நிறுவனங்கள் அந்நாளில் இசைக்குழுக்களையே தம் செலவில் வைத்திருந்தன. ஆயின் மனமுவந்து அளிப்பவன் மனம் மாறினால் நிறுத்தியும் விடலாம் என்பதைப் பின்வந்த வரலாறு மெய்ப்பித்தது.

தோல்வியுற்ற கோரிக்கை வேறொரு வாயிலால் நிறைவேறியது. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய எட்வின் ஆம்ஸ்ரோங், மீடிறன் பண்பேற்றம் என்னும் எவ்.எம். முறைக்கு 1933இல் காப்புரிமை பெற்றார். பழைய முறையில் இடியும் மின்னலும் இயந்திரங்களும் எழுப்பும் இரைச்சல் இசையோடு கலந்து ஒலித்தது. வயலினின் உச்சத் தொனிகளும் தாளக் கருவிகளின் துலக்கமும் மழுங்கின. புதிய முறையிலோ இரைச்சல் ஏறத்தாழ முற்றாய் நீங்கியது; மனிதச் செவி உணரத்தக்க ஒலிகளுட் பெரும்பாலானவை சிதையாது வந்தன. சாஸ்திரீய இசைக்கென்றே ஆக்கப்பட்டது போன்ற ஒரு கருவி இவ்வாறு கிடைத்தது.

1945ஆம் ஆண்டில் எவ்.எம். ஒலிபரப்புக்குப் புதிய இடம் வகுக்கப்பட்டபோது, 88 முதல் 92 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள 20 அலைவரிசைகள் வர்த்தகமல்லாத கல்வி நிலையங்களுக்கென ஒதுக்கப்பட்டன. அந்நாளில் எவ்.எம். கருவி வைத்திருந்தோர் மிகச் சிலர். ஆதலின் இவ்வொதுக்கீட்டை வர்த்தகர் பெரிதாக எதிர்க்கவில்லை. பயிர் விளையாது என்று கருதப்பட்ட நிலம் தருமத்திற்கு விடப்பட்டது போன்றதே இது. அந்நிலம் விலைமதிக்க வொண்ணாததாகும் என்பதை அப்பொழுது உணர்ந்தோர் சிலரே.

கப்டன் ஹான்கொக்

இவ்வாறு ஒதுக்கப்பட்ட வெளியிலேதான் 91.5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கே.யூ.எஸ்.சி. அமைந்துள்ளது. அதனை நிறுவுதற்குக் காரணராயிருந்தவர் ஜோர்ஜ் அலன் ஹான்கொக் என்னும் செல்வர்.

1875ஆம் ஆண்டிற் பிறந்த ஹான்கொக்கின் குடும்பத்திற்கு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மேற்கே லா பிரேயா என்னும் பரந்த நிலம் சொந்தமாயிருந்தது. அந்நிலத்தில் எண்ணெய் ஊறியது. எண்ணெயினால் வந்த பெருஞ்செல்வத்தை அவர் ஒரு துறையில் மட்டும் செலவிடவில்லை. தார்க்குழிகளிலிருந்து தொல் விலங்குகளின் எலும்புகள் அகழப்பட்ட 23 ஏக்கர் நிலத்தை நகரத்தை உள்ளடக்கிய மாவட்டத்திற்கு நன்கொடையாக அளித்தார். 1928இல் கிங்ஸ்போர்ட் ஸ்மித்தும் அவருடைய தோழரும் பசிபிக் மாகடலை முதன்முதல் விமானத்திற் கடந்தபோது, அவர்கள் ஏறிய ‘சதேண் குரொஸ்’ விமானத்திற்குப் பொருளுதவி செய்தவரும் இவரே. ‘வெலேரோ 3’ என்னும் தம் கப்பலில் விஞ்ஞானிகளை ஏற்றிக்கொண்டு கலாபகொஸ் தீவுகளுக்குப் பன்முறை சென்றார். கடல்வாழ் உயிரினங்களின் மாதிரிகள் அப்பயணங்களிற் பெருந்தொகையாகச் சேகரிக்கப்பட்டன.

இத்தனைக்கும் மேலாக அவர் ஓர் இசைவாணர். செலோ என்னும் நரம்புக்கருவியை நன்கு பயின்றவர். ஹான்கொக் இசைக்குழு என்ற பெயரில் ஒரு சிறு குழுவை அமைத்துத் தாமும் அதிலமர்ந்து வாசித்தார். கலாபகொஸ் செல்லும் கப்பலிற்கூட விஞ்ஞானிகள் பகலெல்லாம் பணிபுரிந்தபின் மாலையில் இசைநிகழ்ச்சி நடைபெறுவதுண்டு. பல்கலைக்கழக வளவில் அவர் நிறுவிய ஹான்கொக் ஸ்தாபனக் கட்டடத்திற் கடலாய்வும் இசையும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன.

இத்தகைய ஒருவரின் கொடையால் கே.யூ.எஸ்.சி. நிலையம் 1946ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்கு ஒரு மாதத்திற்குச் சிறிது குறைய முன்னர், செப்டெம்பர் 29ஆந் திகதி, இலண்டனிற் பி.பி.சி. தன் ‘மூன்றாம் நிகழ்ச்சி’ என்னும் கலை ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. இவ்விரு தொடக்கங்களையும் ஒப்பிட்டு நோக்குதல் பயனுடையது. பிரித்தானியாவில் வானொலிப் பெட்டி வைத்திருந்த ஒவ்வொரு குடும்பமும் செலுத்திய அனுமதிக் கட்டணம் இசையைத் தாங்கியது. அமெரிக்காவில் அத்தகைய பொதுநிதி எதுவும் இருக்கவில்லை. ஆதலின் ஒரு தனிச்செல்வரின் இசையார்வமே ஒரு நிலையத்தைத் தோற்றுவிக்க வேண்டியதாயிற்று. எஸ்ரர்ஹாசிப் பிரபுவின் இடத்தில் எண்ணெய் வணிகர் ஒருவர் வந்து நின்றார் எனலாம். ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பிரபு தாம் கேட்பதற்கு இசைக்குழுவை வைத்திருந்தார். ஹான்கொக் தாம் வாசித்த இசையை ஊரார் யாவரும் கேட்குமாறு ஒரு பல்கலைக்கழகத்தின் கையில் ஒப்புவித்தார். அவர் 1965இல் மறைந்தார், நிலையம் மறையவில்லை.

நிலையம் தோன்றிய நகரமும் இசைக்குப் பண்பட்ட நகரமாயிருந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் பில்ஹார்மோனிக் இசைக்குழு 1919இல் நிறுவப்பட்டது. ஐரோப்பாவில் எழுந்த கொடுங்கோன்மையிலிருந்து தப்பி வந்த இசைமேதைகள் பலருக்கு அந்நகரம் புகலிடமாயிற்று. ஆர்ணல்ட் ஷொன்பேர்க் 1930களின் நடுவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தபின் அயலிலுள்ள மற்றொரு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். பின்னாளில் வயலின் மேதை யாஷா ஹைபெற்சும் செலோ மேதை கிரெகோர் பியாற்றிகொர்ஸ்கியும் தென் கலிபோர்னியாவின் ஆசிரியர் குழாத்தில் இடம்பெற்றனர்.

மாணவர் நிலையம் பொது நிலையமாதல்

தொடக்கத்திற் பல ஆண்டுகளாகக் கே.யூ.எஸ்.சி. பெரும்பாலும் மாணவரின் பயிற்சிக் களமாகவே இருந்தது. ஒலிபரப்புத்துறையிற் புகவிரும்பிய இளைஞர் ஒலிவாங்கியின் முன் பேசப் பழகுதற்கும், கருவிகளை இயக்கக் கற்பதற்கும் அது பயன்பட்டது. அந்நாளில் அமெரிக்கா முழுவதிலும் கல்லூரி நிலையங்களின் நிலை இதுவே. அவற்றைக் கேட்போர் தொகை சிறிது, பிழைகள் மலிந்திருந்தன, ஆயினும் இளையோர் அங்கே சுதந்திரமாகத் தம் மனத்திற்பட்டதை ஒலிபரப்பினர்.

1967ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி சனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட பொது ஒலிபரப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அச்சட்டம் முதலில் தொலைக்காட்சியை மனத்திற் கொண்டே எழுதப்பட்டது. வானொலியைக் கைவிடலாகாது என்று கல்வி ஒலிபரப்பாளர் வற்புறுத்தியமையால் இறுதி வேளையிலேயே அது சட்டத்திற் சேர்க்கப்பட்டது. இச்சட்டத்தின்படி அமைந்த பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நிலையங்களுக்குக் கூட்டாட்சி அரசின் நிதியைப் பகிர்ந்தளித்தது. ஆனால் நிதி பெறுவதற்குச் சில தகைமைகள் வேண்டப்பட்டன. முழுநேர ஊழியர் இருத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு குறித்த அளவு நேரமேனும் ஒலிபரப்புதல் வேண்டும். ஒலிபரப்பியின் வலுவும் போதியதாயிருத்தல் வேண்டும். விடுமுறைக் காலத்தில் மூடிவைக்கப்படும் மாணவர் நிலையம் இத்தகைமைகளைப் பெற இயலாது.

தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் நிலையத்தைப் பொது நிலையமாக உயர்த்தத் தீர்மானித்தது. வாலஸ் ஸ்மித் என்பவரின் முகாமையிற் கே.யூ.எஸ்.சி. 1970களிற் சாஸ்திரீய இசைக்கு உரிய நிலையமாக உருப்பெற்றது. தேர்ந்த அறிவிப்பாளர் அமர்த்தப்பட்டனர். இசைத்தட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச் செய்வதோடு அமையாது, இசையாக்கியோரின் வாழ்க்கையையும், ஓர் ஆக்கத்தை வெவ்வேறு கலைஞர் வெவ்வேறு விதமாக இசைத்தமையையும் விளக்கிக் கூறும் நிகழ்ச்சிகள் எழுந்தன. 1978இல் நிலையத்திற் சேர்ந்த ஜிம் ஸ்வேடா அத்தகைய விளக்கவுரையால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நேயரைக் கவர்ந்து 2022இல் ஓய்வு பெற்றார். மடிசன் நகரப் பேராசிரியர் சிற்றூர்ச் சிறாருக்குச் செய்த பணியையே இவர்கள் ஒரு மாநகரத்தின் முதியோருக்கும் இளையோருக்கும் செய்தனர்.

இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. தமக்கென இருந்த அலைவரிசையைப் பல்கலைக்கழக மாணவர் இழந்தனர். அவர்கள் வேறாக ஒரு சிறு நிலையத்தை நடத்தினர்; எனினும் நகரமெங்கும் கேட்கும் எவ்.எம். ஒலிபரப்பி அவர்கள் கையை விட்டகன்றது. இச்செய்தி பின்னர் மீண்டும் நினைக்கப்படும்.

வர்த்தகர் விலகிய வரலாறு

கே.யூ.எஸ்.சி. தோன்றுமுன்னரே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு வர்த்தக நிலையம் சாஸ்திரீய இசையை ஒலிபரப்பி வந்தது. கே.எவ்.ஏ.சி. என்பது அதன் பெயர். 1931இல் தொடங்கிய அந்நிலையத்தில் 1940 முதல் ஒவ்வோர் இரவும் எரிவாயுக் கம்பனி ஒன்றின் ஆதரவில் நடைபெற்ற மாலைக் கச்சேரி ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. நகரமக்களிற் பலர் பீதோவனையும் பிராம்சையும் முதன்முதல் அறிந்தது இந்நிகழ்ச்சியினாலேயே. 1934இல் வர்த்தக நிலையங்களுக்காக வாதாடியோர் கூறியது முற்றும் பொய்யன்று என்பதற்கு இந்நிலையமே சான்று.

ஆயின் 1989ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆந் திகதியோடு கே.எவ்.ஏ.சி. சாஸ்திரீய இசையைக் கைவிட்டது. அவ்வலைவரிசையில் நடனப்பாட்டு இசை ஒலிக்கத் தொடங்கியது. கேட்போர் இல்லாமற் போனமையால் இது நிகழவில்லை. எவ்.எம். அலைவரிசைகளின் விலை வானளாவ உயர்ந்திருந்தது. அவ்விலைக்கு வாங்கியவர் அதற்கேற்ற இலாபத்தை எதிர்பார்த்தனர். விளம்பரகாரர் வாங்குவது இசையையன்று, கேட்போரின் தொகையையும் வயதையுமே. சாஸ்திரீய இசை கேட்போரோ தொகையிற் சிலர், வயதில் மூத்தவர். அன்றியும் வர்த்தக ஒலிபரப்பிற் சில நிமிடங்களுக்கு ஒருமுறை விளம்பரம் வருதல் வேண்டும். பீதோவனின் ஒன்பதாம் சிம்பனி ஒரு மணித்தியாலத்திற்கு மேற்பட்டது. அதனை நடுவில் அறுத்துச் சவர்க்கார விளம்பரம் செய்வதை அவ்விசையின் அன்பர் பொறார். அறுக்காது விட்டால் வருமானம் இல்லை. கலையின் இயல்பும் வணிகத்தின் இயல்பும் இங்கே நேருக்கு நேர் மோதின.

1990இல் கே.கே.ஜீ.ஓ. என்னும் வேறொரு வர்த்தக நிலையம் சாஸ்திரீய இசையை ஏற்றுக்கொண்டது. பின்னர்த் தன் பெயரையே மோசார்ட்டின் பெயரால் மாற்றிக்கொண்டும் பார்த்தது. 2007இல் அதுவும் தன் எவ்.எம். அலைவரிசையை நாட்டுப்புறப் பாடல்களுக்கு மாற்றிவிட்டது. கே.யூ.எஸ்.சி.யோ தன் இடத்தில் நிலைத்திருந்தது. பல்கலைக்கழகம் வர்த்தகரைவிடச் செல்வமிக்கது என்பதன்று இதன் காரணம். அதன் அலைவரிசை 1945இல் ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் இருந்தமையால் வர்த்தக ஒலிபரப்பிற்கு விற்கப்பட இயலாததாயிருந்தது. விலைபோகாமையே அதற்கு அரணாயிற்று.

நிலையத்தின் செலவு வேறு வழியால் தேடப்பட்டது. ஆண்டிற் சில தடவை இசையை இடையிடையே நிறுத்தி நேயரிடம் நன்கொடை கேட்பது அமெரிக்கப் பொது வானொலியின் வழக்கம். ஆதரவளிக்கும் நிறுவனங்களின் பெயரைக் கூறுவது சட்டத்திற்கு ஏற்றது. அவற்றின் பொருளை வாங்குமாறு தூண்டுவது ஏற்றதன்று. கேட்பவர் எவரும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கொடாதவரும் கேட்கலாம். அவ்வாறிருந்தும் போதிய தொகையினர் ஆண்டுதோறும் கொடுத்து வருகின்றனர் என்பது மனித இயல்பைப் பற்றி நம்பிக்கை தரும் செய்தியாகும். ஒரு பிரபுவின் இடத்தைப் பல்லாயிரம் சிறு புரவலர் பெற்றுக்கொண்டனர்.

சான் பிரான்சிஸ்கோவில் எழுந்த வழக்கு

இவ்வரலாறு இவ்வளவில் முடிந்திருக்குமாயின் பல்கலைக்கழகமே இசையின் குறையற்ற புரவலர் என்று முடித்துவிடலாம். ஆயின் 2011இல் நிகழ்ந்த ஒரு செய்தி அம்முடிவை ஐயத்திற்குள்ளாக்கியது.

சான் பிரான்சிஸ்கோ நகரிற் கே.டி.எவ்.சி. என்னும் வர்த்தக நிலையம் நெடுங்காலம் சாஸ்திரீய இசையை ஒலிபரப்பி வந்தது. அதன் உரிமையாளர் அவ்வலைவரிசையை வேறு இசைக்குப் பயன்படுத்த முற்பட்டபோது, தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அந்நிலையத்தைப் பொது நிலையமாக மாற்றிக் காக்க முன்வந்தது. ஒலிபரப்புதற்கு ஓர் அலைவரிசை வேண்டும். அந்நகரிலுள்ள சான் பிரான்சிஸ்கோப் பல்கலைக்கழகம் 1977 முதல் 90.3 மெகாஹேர்ட்ஸில் நடத்திவந்த கே.யூ.எஸ்.எவ். நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தை 37.5 இலட்சம் டொலருக்குக் கொடுக்க உடன்பட்டது.

கே.யூ.எஸ்.எவ். மாணவரும் ஊர்த்தொண்டரும் ஊதியமின்றி நடத்திய நிலையம். வேறெங்கும் கேட்கமுடியாத புதுமை இசையும், பல இனத்தவருக்கு அவரவர் மொழியில் நிகழ்ச்சிகளும் அதிற் கேட்கப்பட்டன. 2011 சனவரி 18ஆந் திகதி காலை முன்னறிவித்தலின்றி அதன் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. அதன் இடத்திற் சாஸ்திரீய இசை எழுந்தது. தொண்டரும் நேயரும் கிளர்ந்தெழுந்து கூட்டங்கள் கூட்டினர். கூட்டாட்சித் தொடர்பு ஆணைக்குழுவிடம் மறுப்பு மனுவும் அளித்தனர். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீடித்த விசாரணையின் பின் 2012 யூன் மாதத்தில் ஆணைக்குழு கைமாற்றத்தை அனுமதித்தது. எனினும் நடைமுறையிற் கண்ட குறைகளுக்காக இரு பல்கலைக்கழகங்களும் 50,000 டொலர் செலுத்த உடன்பட்ட பின்னரே அவ்வனுமதி கிடைத்தது.

இவ்வழக்கில் இரு திறத்தாரிடமும் நியாயம் இருந்தது. சாஸ்திரீய இசையை இழக்கவிருந்த ஒரு பெருநகரம் அதனைத் திரும்பப் பெற்றது. கேட்போர் தொகையோ மாணவர் நிலையத்திற்கு இருந்ததனிலும் பன்மடங்கு மிகுதி. மறுபுறத்தில், வர்த்தகத்தினின்று காக்கவென்று ஒதுக்கப்பட்ட வெளியிலிருந்தே எளியோர் குரலொன்று வெளியேற்றப்பட்டது. 1970களில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாணவர் ஓசையின்றி இழந்ததையே சான் பிரான்சிஸ்கோ மாணவர் உரத்த எதிர்ப்போடு இழந்தனர். வர்த்தகருக்கு விலைபோகாத அலைவரிசை, ஒரு பல்கலைக்கழகத்திடமிருந்து மற்றொரு பல்கலைக்கழகத்திற்கு விலைபோகும் என்பதும் அன்று தெளிவாயிற்று. 1930களிற் பொருள்முடையாற் கல்லூரிகள் செய்ததை நினைவிற் கொண்டோர் இதனைப் புதுமையாகக் கருதியிரார். பின்னாளில் இரு நிலையங்களும் ‘கிளாசிக்கல் கலிபோர்னியா’ என்னும் ஒரே பெயரின்கீழ் இணைந்தன.

முடிவுரை

2025ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்கக் காங்கிரஸ், பொது ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திற்கு அடுத்த ஈராண்டுக்கென அளித்திருந்த ஏறத்தாழ 110 கோடி டொலரைத் திரும்பப் பெறும் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த மாதமே கூட்டுத்தாபனம் தன் பணியை முடித்துக்கொள்ளப்போவதாக அறிவித்தது. 1967இல் முன்வந்த அரசு என்னும் புரவலர் இவ்வாறு விலகினார். பெருநகரங்களில் நன்கொடையாளர் மிகுந்த நிலையங்கள் இவ்விழப்பைத் தாங்க வழியுண்டு. மக்கள் அருகிய நாட்டுப்புறத்து நிலையங்களுக்கு அது பேரிடி.

இவ்வரலாற்றை ஒருசேர நோக்குமிடத்து ஒவ்வொரு புரவலரும் ஒரு காலத்தில் வந்து ஒரு காலத்தில் விலகியமை புலனாகும். செல்வர் மறைந்தார், விளம்பரகாரர் வேறிடம் நாடினர், அரசு கைவாங்கியது. பல்கலைக்கழகம் நிலைத்திருந்தது. அதுவும் தன்னளவில் நிலைத்ததன்று. 1945இல் எவரோ தொலைநோக்கோடு ஒதுக்கிவைத்த அலைவரிசையும், கட்டாயமின்றிக் கொடுக்கும் நேயரின் கையும் இரு தூண்களாயிருந்து அதனைத் தாங்கின. இவற்றுள் ஒன்று இல்லையாயின் பல்கலைக்கழகமும் விற்கும் என்பதற்கு முற்காலத்திலும் பிற்காலத்திலும் சான்றுகள் உள.

ஆகவே, ஒரு கல்வி நிறுவனம் கலையைப் புரப்பது அதன் செல்வத்தினாலன்று. அக்கலையை எதற்காக ஏற்றது என்ற நினைவினாலேயாம். மடிசன் நகரிற் குழாய்களைத் தம் கையாற் செய்த ஆசிரியருக்கும் மாணவருக்கும் அந்நினைவு இருந்தது. செலோ வாசித்த எண்ணெய் வணிகருக்கும் இருந்தது. ஒலிபரப்பியும் அனுமதிப்பத்திரமும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எழுத்தால் மாறக்கூடியவை. அந்நினைவையோ ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்குக் கற்பித்தே கொடுத்தல் வேண்டும். அக்கடமை கல்விக்கூடங்களையே சார்ந்தது.